கருவறைக்குள் சென்ற மருந்து

மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வார் என நான்கு உறுப்புகள் உண்டெனத் திருவள்ளுவர் வகுத்துரைத்தார். தமிழர் நெடுங்காலமாக அறிந்த அந் நாற்கூற்றினுள் அடங்காத ஐந்தாம் உயிர் ஒன்றை, இருபதாம் நூற்றாண்டின் மருந்தியல் கொண்டுவந்து நிறுத்தியது. அது நோயுற்ற உயிருமன்று. மருந்தை வேண்டிய உயிருமன்று. தன் கையால் எடுத்து விழுங்கிய உயிருமன்று. எனினும், மருந்தின் விளைவைத் தன் வாழ்நாள் முழுதும் சுமந்தது அதுவே. தாயின் கருவறையுள் உருவாகிக் கொண்டிருந்த குழவியே அவ்வுயிர்.

அக் குழவியின் தலையில் அச் சுமை எவ்வாறு ஏற்றப்பட்டது? ஏற்றியவர் யார்? தீங்கு நேரும் என்பதற்கான அறிகுறிகள் முன்கூட்டியே கிடைத்திருந்தும் அவை ஏன் கேளாச் செவியில் விழுந்தன? இவ் வினாக்களுக்கு விடை காண, ஆங்கில உயிர்வேதியியலாளர் ஒருவரின் ஆய்வு வாழ்க்கையையும், அவர் ஆக்கிய பொருளின் வரலாற்றையும் அடிதொட்டு ஆராய்தல் வேண்டும். அவர் பெயர் எட்வர்டு சார்லசு டாட்சு. அவர் ஆக்கிய பொருளின் பெயர் சுடில்பெசுட்ரால்.

டாட்சு 1899-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் நகரில் பிறந்தவர். காலணி வணிகர் ஒருவரின் ஒரே மகன். இலண்டன் மிடில்செக்சு மருத்துவமனைக் கல்லூரியில் மருத்துவம் பயின்ற அவர், இருபத்தைந்து அகவையளவிலேயே அங்கு உயிர்வேதியியல் பேராசிரியரானார். பின்னர் அங்கெழுந்த கூர்ட்டால்டு உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பில் 1965-ஆம் ஆண்டுவரை அமர்ந்திருந்தார். அவர் ஆய்வுலகில் அடியெடுத்து வைத்த காலம், 'ஆர்மோன்' என மேலையர் பெயரிட்ட இயக்குநீர்களின் பொற்காலம். 1921-22-ஆம் ஆண்டுகளில் கனடாவின் தொராண்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, நீரிழிவால் சாவின் விளிம்பில் நின்ற சிறுவர்கள் உயிர்மீண்டனர். அவ் வெற்றியைக் கண்ட உலகம், உடலின் ஒவ்வொரு சுரப்பியையும் ஒரு கருவூலமாகவே கருதத் தொடங்கியது.

இயக்குநீர் என்பது, குழாயில்லாச் சுரப்பிகள் நேரே குருதியில் கலக்கும் ஒருவகைச் சுரப்பு. ஓர் உறுப்பின் ஏவலை மற்றோர் உறுப்புக்கு எடுத்துச் சென்று, வளர்க, நிற்க, சுரக்க, சுருங்குக எனப் பணிப்பது அதுவே. அது வேலைசெய்யும் அளவு மிகமிக நுண்ணியது. உணவுப் பொருள்களைப் போல் கைப்பிடியாலோ, பொதுவான மருந்துகளைப் போல் குன்றிமணி எடையாலோ அளக்கத்தக்கதன்று அது. ஒரு பெருங்குளத்தில் விட்ட சில துளியளவே போதும்; உடல் அவ் வேவலைக் கேட்டுவிடும். இவ் வொரு தன்மையை உளங்கொண்டாலன்றி, பின்னர் நிகழ்ந்த எதுவும் விளங்காது.

பெண்மை இயக்குநீரை 1929-இல் அமெரிக்காவில் தாய்சியும் செருமனியில் பூட்டனந்தும் தனித்தனியே தூய நிலையில் பிரித்தெடுத்தனர். ஆனால் அதனை மருந்தாகப் பெறுவது அரிதினும் அரிதாயிருந்தது. சூல்கொண்ட பெண்டிரின் சிறுநீரிலிருந்தும், குதிரைகளின் சிறுநீரிலிருந்தும், பன்றிகளின் சூலகங்களிலிருந்தும் அதனை வடிக்க வேண்டியிருந்தது. தாய்சியின் குழுவினர் பல டன் பன்றிச் சூலகங்களைப் பிழிந்து பெற்றது சில மில்லிகிராம் மட்டுமே. அதன் விலை ஏழைப் பெண்டிர்க்கு எட்டாதது. வாய்வழி உட்கொண்டால் அதன் ஆற்றல் பெரிதும் குன்றியது. எனவே, ஆய்வகத்திலேயே எளிய பொருள்களைக் கொண்டு அதற்கு ஈடான ஒன்றை ஆக்க இயலுமா என்பதே டாட்சு எடுத்துக்கொண்ட வினா.

அவ் வினாவை அவர் தனித்து ஆராயவில்லை. நிலக்கரிக் கீலிலுள்ள எப் பொருள் புற்றுநோயை உண்டாக்குகின்றது என்று ஆய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் குக்கு என்பாரோடு அவர் கைகோத்தார். அப் புற்றுநோய்ப் பொருள்களின் அமைப்புக்கும் பெண்மை இயக்குநீரின் அமைப்புக்கும் ஓர் ஒப்புமை இருப்பதை இருவரும் கண்டனர். சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கு அவற்றைச் செலுத்திப் பார்த்தபோது, சில பொருள்கள் பெண்மை இயக்குநீரைப் போன்றே வேலைசெய்தன. 1933-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்ட குறிப்பின் தலைப்பே, பால் இயக்குநீர்களையும் புற்றுநோய் விளைக்கும் பொருள்களையும் ஒருசேரப் பிணைத்துக் கூறியது. செயற்கைப் பெண்மை இயக்குநீர் என்னும் துறை தோன்றிய அன்றே, அதன் மறுபக்கத்தில் புற்றுநோய் என்னும் சொல்லும் எழுதப்பட்டிருந்தது என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்த ஐந்தாண்டுகள் டாட்சு ஒவ்வொரு பொருளாக எடுத்து ஆய்ந்தார். 1936-ஆம் ஆண்டு அவரும் இலாசனும் பெண்மை இயக்குநீரின் தன்மையுடையனவெனக் கண்ட பொருள்களுள், இன்று பிசுபீனால் ஏ என உலகறிந்த பொருளும் ஒன்று. அதன் ஆற்றல் குறைவாயிருந்ததால் அதனை மருந்தாக்க எவரும் முற்படவில்லை. 1938-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், ஆக்சுபோர்டின் இராபர்ட்டு இராபின்சன் குழுவினரோடு சேர்ந்து, அவர் சுடில்பெசுட்ராலை உலகிற்கு அறிவித்தார். அது பெண்மை இயக்குநீரின் வேதியியல் வகையைச் சேர்ந்ததே அன்று. ஆயினும் அதன் வேலை முழுவதையும் செய்தது. வாயால் உட்கொண்டாலும் ஆற்றல் குன்றாதிருந்தது. நிலக்கரிக் கீலின் வழிப்பொருள்களிலிருந்து மலிவாக ஆக்க முடிந்தது.

பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொருளுதவியால் நடந்த ஆய்வாதலின், அக் கழகத்தின் கொள்கைப்படி அதற்கு ஆக்கவுரிமை எதுவும் பெறப்படவில்லை. பொருளை ஆக்கும் முறை முழுவதும் இதழில் திறந்தே வைக்கப்பட்டது. டாட்சு அதனால் ஒரு காசும் ஈட்டவில்லை. மாந்தர்க்கு நலஞ்செய்யும் பொருள் மாந்தர் அனைவர்க்கும் உரியது என்னும் அக் கொள்கை உயர்ந்தது, போற்றத்தக்கது. ஆனால், காவலில்லாத களஞ்சியத்தில் பசித்தவனும் நுழைவான். கொள்ளைக்காரனும் நுழைவான் அன்றோ?

களஞ்சியம் திறந்த அவ் வாண்டிலேயே எச்சரிக்கைகளும் வந்து சேர்ந்தன. டாட்சும் அவர்தம் உடனாய்வாளர்களும், இவ் வகை மருந்தை வாய்வழிக் கொடுத்தால் விலங்குகளின் தொடக்கநிலைச் சூல் கலைந்துபோவதை 1938-ஆம் ஆண்டிலேயே கண்டு வெளியிட்டனர். அதே ஆண்டில் பிரஞ்சு அறிவியலாளர் இலக்காசான், சுடில்பெசுட்ரால் செலுத்திய ஆண் சுண்டெலிகளுக்கு மார்பகப் புற்றுநோய் தோன்றியதைக் காட்டினார். ஈராண்டுக்குள் சிக்காகோவைச் சார்ந்த ஆய்வாளர்கள், சூல்கொண்ட எலிகளுக்குப் பெண்மை இயக்குநீரைச் செலுத்தியபோது பிறந்த குட்டிகளின் பால் உறுப்புகள் பிறழ்ந்திருந்ததைக் கண்டறிந்தனர். சூலைக் கலைக்கும், புற்றுநோயை விளைக்கும், கருவைப் பிறழச் செய்யும் என மூன்று குற்றச்சான்றுகளும் அம் மருந்து கடைக்கு வருமுன்னரே அச்சேறிவிட்டன. 'அக் காலத்தில் யார்க்கும் தெரியாது' எனப் பின்னர்க் கூறப்பட்ட அமைவுரை இதனால் பொய்யாகின்றது. தெரியாமை இல்லை, தெரிந்ததைப் பொருட்படுத்தாமையே இருந்தது.

அமெரிக்க மருந்து நிறுவனங்கள் பலவும் ஒன்றுகூடி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்டிரைப் பற்றிய மருத்துவர் குறிப்புகளைத் திரட்டிக்கொண்டு உணவு மருந்துத் துறையின் வாயிலில் நின்றன. மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தொல்லைகள் முதலியவற்றுக்காக 1941-ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. 1947-இல் சூல்கொண்ட பெண்டிர்க்கும் அம் மருந்தைக் கொடுக்கலாம் என ஒப்புதல் விரிவாக்கப்பட்டது. விலங்குகளில் சூலைக் கலைத்த பொருள், பெண்டிரின் சூலைக் காக்கும் எனக் கூறி விற்கப்பட்டது!

இதற்கு அறிவியல் போர்வை தந்தவர்கள் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுமித்து இணையர். கருச்சிதைவுறும் பெண்டிர்க்கு இயக்குநீர் குறைகின்றது. சுடில்பெசுட்ரால் நஞ்சுக்கொடியைத் தூண்டி அக் குறையை நிரப்பும் என்பது அவர்கள் கொள்கை. 1948-ஆம் ஆண்டு 632 சூல்களைப் பற்றிய விளைவுகளை அவர்கள் வெளியிட்டனர். நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் எனத் தொடங்கி, முப்பத்தைந்தாம் கிழமையில் நாளொன்றுக்கு 125 மில்லிகிராம்வரை ஏற்றிச் செல்வது அவர்கள் வகுத்த முறை. மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்குக் கொடுத்த அளவோடு ஒப்பிடின் இது பன்மடங்கு மிகுதி. அம் மருந்து பெறாத ஒத்த பெண்டிரை முறைப்படி ஒருபுறம் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார்களா எனின், இல்லை. ஒப்பீடு இல்லாத ஆய்வு, ஒரு தட்டு மட்டுமே உள்ள துலாக்கோல். அதில் எதை வைத்தாலும் அது தாழ்ந்தே காட்டும்.

1953-ஆம் ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவமனையில் தீக்குமன் என்னும் மருத்துவர் தலைமையில் மறுதட்டும் பூட்டப்பட்டது. 840 பெண்டிர்க்குச் சுடில்பெசுட்ரால் தரப்பட்டது; 806 பெண்டிர்க்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை தரப்பட்டது. முடிவு ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது. கருச்சிதைவைத் தடுப்பதில் அம் மருந்தால் யாதொரு பயனும் இல்லை. அவ் வாய்வின் எண்களை 1978-இல் மீண்டும் கணித்தவர்கள், மருந்து பெற்றோரிடையே கருச்சிதைவும் குறைப்பேறும் மிகுந்திருந்ததைக் கண்டனர். பயனில்லாமை மட்டுமன்று, தீங்கே அவ் வெண்களுக்குள் ஒளிந்து கிடந்தது.

பயனில்லை என்று மெய்ப்பிக்கப்பட்ட மருந்து அன்றே கைவிடப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் அதற்குப் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் அது சூல்கொண்ட பெண்டிர்க்குக் கொடுக்கப்பட்டது. 1957-இல் வந்த ஒரு விளம்பரம், எல்லாச் சூல்களுக்குமே அதனைப் பரிந்துரைத்து, பெரிய, வலிய குழந்தைகள் பிறக்கும் என்று ஆசைகாட்டியது. நோயில்லாத தாயர்க்கும் மருந்து. குறையில்லாத குழவிக்கும் மருந்து! 1961-இல் தாலிடோமைடு என்னும் உறக்க மருந்தால் கைகால் குன்றிய குழந்தைகள் உலகெங்கும் பிறந்து, நஞ்சுக்கொடி எல்லா நஞ்சையும் தடுத்துவிடும் என்னும் பழைய நம்பிக்கை தகர்ந்த பின்னரும், சுடில்பெசுட்ராலின் பக்கம் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக் குழந்தைகளின் குறை பிறந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. சுடில்பெசுட்ரால் வைத்த குறையோ, குழந்தை வளர்ந்து பருவமெய்தும்வரை கண்ணுக்குப் புலப்படாமல் காத்திருந்தது.

மருந்தின் பயணம் மருத்துவமனையோடு நிற்கவில்லை. எடை கூட்டுவதற்காகக் கோழிகளின் தோலடியில் அது புதைக்கப்பட்டது. 1954 முதல் மாடுகளின் தீவனத்திலும் கலக்கப்பட்டது. கோழிகளுக்குக் கொடுப்பது 1959-இல் நின்றது. மாடுகளுக்குக் கொடுப்பதை முற்றாகத் தடுக்க 1979 வரை போராட வேண்டியிருந்தது.

உண்மை வெளிப்பட்ட வகை எண்ணத்தக்கது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பாசுட்டன் நகரில், இளம்பெண்கள் சிலர்க்குப் பிறப்பு வழியில் அரிதான ஒருவகைப் புற்றுநோய் கண்டது. ஐம்பது அகவையைக் கடந்த பெண்டிர்க்கே அவ் வுறுப்பில் புற்றுநோய் காண்பது வழக்கம். பதினைந்து முதல் இருபத்திரண்டு அகவைக்குள் எண்மர்க்கு அது வந்தது ஏன் எனத் தெரியாமல் மருத்துவர்கள் திகைத்து நின்றனர். அப்பொழுது நோயுற்ற மகளொருத்தியின் தாயார் மருத்துவர் உல்பெல்டரிடம் ஒரு வினாவை எழுப்பினார். மகள் வயிற்றிலிருந்தபோது தாம் உட்கொண்ட சுடில்பெசுட்ரால் இதற்குக் கரணியமாய் இருக்கலாமோ என்பதே அவ் வினா. எர்பிசுட்டு, உல்பெல்டர், பொசுகான்சர் ஆகிய மூவரும் அதனைப் பற்றிக்கொண்டு உசாவினர். எண்மருள் எழுவரின் தாயர் சூல்கொண்டிருந்த தொடக்கத் திங்கள்களில் அம் மருந்தை உட்கொண்டிருந்தனர். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட நலமுள்ள பெண்கள் முப்பத்திருவரின் தாயருள் ஒருவர்கூட உட்கொண்டிருக்கவில்லை. 1971-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22-ஆம் நாள் இச் செய்தி வெளியாயிற்று. அவ் வாண்டு நவம்பரில் சூல்கொண்டார்க்கு அம் மருந்து ஆகாது என அமெரிக்க அரசு அறிவித்தது. பிரான்சு நாட்டில் இத் தடை வர 1977-ஆம் ஆண்டாயிற்று.

அப் புற்றுநோய், அம் மருந்துக்கு ஆளான மகளிருள் ஏறத்தாழ ஆயிரவருள் ஒருவர்க்கு வந்தது. ஆனால் பிற தீங்குகள் பலர்க்கும் வந்தன. கருப்பையின் வடிவம் பிறழ்ந்தது. மகப்பேறின்மை, கருச்சிதைவு, குறைப்பேறு என அடுத்த தலைமுறையின் வாயிலும் அடைபட்டது. ஆண்மக்கள் சிலர்க்கு விரை இறங்காமையும் பிற உறுப்புக் குறைகளும் நேர்ந்தன. மருந்தை உட்கொண்ட தாயர்க்கும் மார்பகப் புற்றுநோய் ஓரளவு மிகுந்தது. அமெரிக்காவில் மட்டும் தாயரும் அவர்தம் மக்களுமாக ஐம்பது இலக்கம் முதல் ஒரு கோடிவரை இம் மருந்துக்கு ஆளாயினர் என்று கணிக்கப்படுகின்றது.

பாதிக்கப்பட்ட மகளிர் முறைமன்றத்தின் படியேறியபோது வேறொரு தடை எழுந்தது. ஆக்கவுரிமை இல்லாமையால் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அம் மருந்தை ஆக்கின. இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்களில் விற்றன. தாய் உட்கொண்ட மாத்திரை எந் நிறுவனத்தினது என்பதை இருபது ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு மெய்ப்பிப்பது? 1980-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் உயர்முறைமன்றம் இதற்கொரு வழி கண்டது. சந்தையில் எவ் வளவு பங்கை ஒரு நிறுவனம் கொண்டிருந்ததோ, அவ் வளவு பங்கு இழப்பீட்டையும் அது தாங்குக எனத் தீர்ப்பளித்தது. எல்லாரும் செய்த குற்றம் என்பதால் எவரும் செய்யாத குற்றமாக அது ஆகிவிடாது என்னும் அறம் அன்று நிலைநாட்டப்பட்டது.

டாட்சை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் வணிகர் அல்லர்; பொருள்வேட்கையால் நஞ்சை விற்றவர் அல்லர். சூல்காக்கும் மருந்து எனச் சுடில்பெசுட்ராலைப் புகுத்தியவரும் அவரல்லர். அவர் ஆக்கிய அதே பொருளைக் கொண்டு 1941-இல் அக்கின்சு என்னும் அமெரிக்க மருத்துவர், ஆண்களின் புராசுடேட்டுச் சுரப்பியில் எழும் புற்றுநோயை அடக்க வழிகண்டார். அதற்காகவே 1966-இல் நோபெல் பரிசும் பெற்றார். பல்லாயிரம் முதியோர்க்கு அது வாழ்நாளை நீட்டித்தது. டாட்சும் அரச மருத்துவர் கல்லூரியின் தலைவராக 1962 முதல் 1966 வரை விளங்கினார். பட்டங்கள் பல பெற்றார். 1973-ஆம் ஆண்டு திசம்பரில் மறைந்தார். தாம் ஆக்கிய பொருளின் மீது 1971-இல் எழுந்த தீர்ப்பையும் அவர் உயிரோடிருந்தே கேட்க நேர்ந்தது.

அறிவியலாளர் ஒருவர் உண்மையைக் கண்டு, அதனை மறைக்காது இதழில் வெளியிட்டுவிட்டால் அவர் கடன் முடிந்துவிடுமா என்னும் வினாவை அவர் வாழ்க்கை எழுப்புகின்றது. விலங்குச் சூல் கலையும் என்னும் முடிவை அவர் குழுவே அச்சிட்டது. அவ் வுண்மை நூலகங்களின் அடுக்குகளில் உறங்கியது. மருந்தோ மருந்தகங்களின் அடுக்குகளில் விழித்திருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் கட்டப்படவில்லை. அறிந்தவர் அறிந்தவர்க்கே சொல்லிக்கொண்டனர். விழுங்கவேண்டிய தாய்க்கு எவரும் சொல்லவில்லை. இங்கேதான் முழுக்கேட்டிற்கும் வேர் உள்ளது.

சுடில்பெசுட்ரால் தந்த பாடத்திலிருந்தே நச்சியலில் ஒரு புதுக்கிளை தோன்றியது. 1975-இல் மெக்லாக்லன் என்னும் மருந்தியலாளரும் உடனாய்வாளரும், கருவிலேயே அம் மருந்துக்கு ஆளான ஆண் சுண்டெலிகளின் இனப்பெருக்க உறுப்புகளில் கேடுகள் தோன்றுவதைக் காட்டினர். சுற்றுச்சூழலில் பரவும் பெண்மை இயக்குநீர்ப் பொருள்கள் பற்றி 1979-இல் அறிஞர் கூட்டத்தையும் அவர் கூட்டுவித்தார். 1991-இல் தியோ கோல்பார்ன் என்னும் அம்மையாரின் முயற்சியால் பல துறை அறிஞர் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் ஒன்றுகூடினர். இயக்குநீர் ஒழுங்கைக் குலைக்கும் பொருள்கள் எனப் பொதுப்பெயரிட்டு உலகை எச்சரித்தனர். நஞ்சின் கொடுமை அளவைப் பொறுத்தது என்பது பழைய நச்சியலின் அடிப்படை. அளவோடு காலமும் பொறுப்பேற்கும் என்பது இப் புதுக்கிளையின் முடிவு. முதிர்ந்த உடலைத் தீண்டிச் செல்லும் பொருள், உறுப்புகள் வகுக்கப்படும் கருநிலையில் புகுந்தால் கட்டடத்தின் கடைக்காலையே மாற்றிவிடும்.

1936-இல் டாட்சு ஆய்ந்து ஒதுக்கிவைத்த பிசுபீனால் ஏ, 1950-களில் வேறு வாயில் வழியே திரும்பி வந்தது. கண்ணாடிபோல் தெளிந்த பாலிகார்பனேட்டு நெகிழியும், தகரக் குவளைகளின் உட்பூச்சும் அதனைக் கொண்டு ஆக்கப்பட்டன. பெண்மை இயக்குநீர்த் தன்மையுடையது என இரண்டு பதின்மங்களுக்கு முன்பே அறியப்பட்ட பொருள், குழந்தைகளின் பால்புட்டியாயிற்று! நெகிழிக் குடுவையிலிருந்து அப் பொருள் கசிந்து ஆய்வையே குழப்பியதை 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் பால்புட்டிகளில் அதனைத் தடைசெய்தது. இந்தியாவிலும் 2015-ஆம் ஆண்டின் தரவரையறை பால்புட்டிகளிலிருந்து அதனை நீக்கியது. 2023-இல் ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம், நாடோறும் உட்கொள்ளத்தக்க அளவை முன்னிருந்ததினும் இருபதாயிரம் மடங்கு குறைத்தது. 2024-இன் இறுதியில் உணவைத் தொடும் பொருள்கள் அனைத்திலும் அதனை விலக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவுசெய்தது. 1936-இலிருந்து 2024 வரை எண்பத்தெட்டு ஆண்டுகள்! ஓர் உண்மை இதழின் ஏட்டிலிருந்து குழந்தையின் வாய்வரை நடந்துவர எடுத்துக்கொண்ட காலம் இது.

இவை யாவும் கடல்கடந்த நாடுகளின் கதை என இங்குள்ளோர் வாளாவிருத்தல் இயலாது. மிகு அளவில் இரு பெண் இயக்குநீர்கள் சேர்ந்த கூட்டு மருந்து ஒன்று, சூலுற்றதை அறியும் பொருட்டு இந்தியாவில் நெடுங்காலம் விற்கப்பட்டது. கருவைக் கலைக்கும் என நம்பியும் பெண்டிர் பலர் அதனை உட்கொண்டனர். பிறக்கும் குழந்தைக்குக் குறை நேரலாம் என்பதால் 1982-இல் நடுவண் அரசு அதனைத் தடைசெய்ய ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் முறைமன்றம் சென்று அவ் வாணைக்கே தடை பெற்றன. பெண்டிர் அமைப்புகளும் மருத்துவ ஆர்வலர்களும் ஓயாது போராடியதன் விளைவாக 1988-இல்தான் அம் மருந்து விலக்கப்பட்டது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் அதனை விழுங்கிய தாயர், தமக்கு நேரவிருப்பது யாதென அறியாமலே விழுங்கினர்.

இதனால் இயக்குநீர் மருந்துகள் அனைத்தும் தீயவை எனக் கொள்வது பெரும்பிழை. இன்சுலின் இன்றி நீரிழிவாளர் பலர் வாழ இயலாது. தொண்டைச் சுரப்பியின் நீர் குறைந்த தாய்க்கு அம் மருந்தைத் தராதிருந்தால், வயிற்றிலுள்ள குழவியின் மூளை வளர்ச்சியே குன்றும். மருத்துவர் தந்த மருந்தை அச்சத்தால் தாமாகவே நிறுத்துவதும் கேடே. வேண்டப்படுவது மருந்தை வெறுத்தல் அன்று. மருந்தை அறிந்து கொள்ளுதல்.

அவ் வறிவு எம் மொழியில் தரப்படுகின்றது? இந் நாட்டில் விற்கும் மருந்துகளின் உறைகளிலும், உள்ளே மடித்து வைக்கும் குறிப்புத் தாள்களிலும் பெரும்பாலும் ஆங்கிலமே ஆட்சி செய்கின்றது. கண்ணுக்கெட்டாச் சிற்றெழுத்தில், கருத்துக்கெட்டா அயன்மொழியில், 'சூல்கொண்டார் உட்கொள்ளற்க' என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்து யார்க்கு என்ன பயன்? உழத்தியும் நெசவுத் தொழிலாட்டியும் அதனை எங்ஙனம் படிப்பர்? படிக்க இயலாத எச்சரிக்கை, எழுதப்படாத எச்சரிக்கையே. தமிழில் மருந்துக் குறிப்பு வேண்டும் என்பது மொழிப்பற்றாளர் சிலரின் விருப்பமென ஒதுக்கத்தக்கதன்று. அது தாயின் உயிர்க்காப்பு. பிறவாத மகவின் உரிமை.

பாசுட்டன் நகரத்துத் தாயை இங்கு மீண்டும் எண்ணிப்பார்த்தல் தகும். பேரறிஞர்கள் கூடியிருந்த மருத்துவமனையில், முடிச்சின் முனை ஒரு தாயின் கையிலன்றோ இருந்தது? அவர் மருத்துவம் கற்றவர் என்பதால் அது நிகழவில்லை. தாம் உட்கொண்டது யாதென அவர்க்குத் தெரிந்திருந்தது. அதன் பெயரை இருபது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தார். மருத்துவரை நோக்கி வினவத் துணிந்தார். தெரிந்த பெயர், நினைவிலிருந்த செய்தி, வினவும் துணிவு ஆகிய இம் மூன்றுமே அறிவியலின் பூட்டைத் திறந்தன. அவர் தம் மருந்தின் பெயரையே அறியாதவராய் இருந்திருப்பின், இன்னும் எத்தனை ஆண்டுகள் எத்தனை கருவறைகளுக்குள் அம் மருந்து சென்றுகொண்டிருந்திருக்கும்?

எனவே செய்யத்தக்கவை தெளிவாக உள்ளன. சூல்கொண்ட பெண்டிர்க்குத் தரும் ஒவ்வொரு மருந்தின் பெயரும், எதற்காகத் தரப்படுகின்றது என்னும் செய்தியும், கருவுக்குத் தீங்குண்டா என்னும் குறிப்பும் தமிழில், தெளிந்த எழுத்தில் எழுதித் தரப்படல் வேண்டும். அவ் வேட்டைத் தாய் தன் மகவின் பிறப்புச் சான்றோடு சேர்த்துப் பல்லாண்டுகள் பேணிக்காத்தல் வேண்டும். தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பை ஆக்குவோரும் விற்போருமே ஏற்றல் வேண்டும். தீங்கு நேர்ந்ததென மெய்ப்பிக்கும் சுமையைத் துன்புற்றவரின் தலையில் ஏற்றலாகாது. பயனில்லை என ஆய்வு கூறிய மருந்தை அன்றே விலக்கும் துணிவு அரசுக்கு வேண்டும். மருந்தியலும் நச்சியலும் கற்ற தமிழறிஞர், தாம் கண்டதைப் பிறநாட்டு இதழ்களில் வெளியிடுவதோடு அமையாது, தம் மக்கள் மொழியிலும் எழுதுதல் வேண்டும்.

கருவறையிலுள்ள குழவிக்கு வாயில்லை, வாக்குச்சீட்டு இல்லை, வழக்காடும் வலிவுமில்லை. அதன் பொருட்டு வினவும் வாய் அதன் தாய்க்கு மட்டுமே உண்டு. அவ் வாய் திறக்க வேண்டுமாயின், அவள் மொழியில் அவளுக்கு உண்மை சொல்லப்படல் வேண்டும்.